இமையின் நிறம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்டால் "வேலை" என்று பதில் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

என் விரல் முட்டிகளில் சிவப்பாகத் தடிப்பு வந்திருக்கிறது. நம் போட்டோ ஸ்டுடியோவில் விளக்கு மாற்ற ஸ்டூலில் ஏறினால் தொடை ஒத்துழைப்பதில்லை. தலை வாரக் கை தூக்க முடியவில்லை. வயசாகிவிட்டது என்கிறார் உன் மாமா. அவரைவிட எட்டு வயது சின்னவள் நான். தோல் டாக்டரைத் தம்பியாக வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் களிம்பு கேட்பது, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. மாமா எடுத்த போட்டோ இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று கை, ஒன்று முகம். பார்த்துச் சொல்.

உன் அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

கையைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது. இதோடு சேர்ந்து வரும் இன்னொரு அடையாளத்தை உன் முகத்தில் தேடினேன். நல்லவேளை, இல்லை. முகம் பளிச்சென்று இருக்கிறது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, களிம்பு எழுதியிருக்கிறேன். ஸ்டூலில் இனி மாமாவே ஏறட்டும்.

தம்பி

ஜூலை 3

தம்பி,

தண்ணீர்கூட விழுங்க முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்ததுமே, "இமை எத்தனை நாளா ஊதாவா இருக்கு?" என்றார். ஆறு மாதமாக, தூக்கம் போதவில்லை என்று இருந்துவிட்டேன். இந்த ஊதாவும் விரல் தடிப்பும் உள்ளே புற்றுநோய் இருந்தால் வரக்கூடியவையாம். சோதித்ததில் சினைப்பையில் புற்றுநோய். வயிறு முழுக்கப் பரவிவிட்டது.

உனக்கு அனுப்பிய போட்டோவின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். இமையில் நிறமே இல்லை. கல்யாணப் பெண்ணின் பருவை எடுப்பதுபோல, மாமா பழக்கதோஷத்தில் படத்தில் அதை அழித்துச் சரிசெய்திருக்கிறார். கல்யாணமாகி முப்பது வருஷமாக, படத்தில் என் முகத்தில் ஒரு மருவைக்கூட விட்டுவைக்காத மனிதர். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. உறைத்தால் தாங்க மாட்டார். கேட்டால் நீ பார்த்துக்கொள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஜூலை 21

அக்கா,

மாமா கண்ணில் படாமல் இருக்க இதை டாக்டரம்மா பெயருக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நேற்று மாமா போன் செய்தார். "நான் எடுத்த படத்துல அந்த நிறம் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்துச்சு மாமா. நான்தான் சரியா பார்க்கல."

இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லி வைத்துவிட்டார். நன்றாகக் கோபப்பட்டார். அந்த மட்டில் நிம்மதி.

முழுப் பொய்யும் இல்லை. கண்ணாடியில் இமையைப் பார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உன்னைப் பயமுறுத்த வேண்டாமென்று விட்டேன். போட்டோவை நம்பி மருந்து சொன்னவன் நான்தானே.

வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். உன் கட்டில் பக்கத்தில் அவர் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ரத்து செய்துவிட்டேன். என்னை மன்னிக்காதே.

எழுத உனக்குக் கை வராது, பதில் வேண்டாம். அந்தப் போட்டோ என் மேசையில் இருக்கிறது. அதில் உனக்கு ஒன்றுமே இல்லை அக்கா.

தம்பி