இரண்டாவது வீடியோ

ஜனவரி 12

என் பிரியமான அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுவது. கப்பலுக்குப் போன் போட்டால் நீ ‘என்ன? என்ன?’ என்பதும் நான் ‘ஒண்ணுமில்லை’ என்பதுமாகவே முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பேனா. நீ கரை தொடும்போது கடிதம் அங்கே காத்திருக்கும்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சிநேகிதர் ஆபீஸில் நீ எனக்காகப் பேசி வைத்திருந்த வரவேற்பு மேஜை வேலைக்கு நான் போகவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். பாவம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடும்மா’ என்று மட்டும் பயந்துபோய்ச் சொன்னார். ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்யப் படித்தவள், அண்ணா, நான். வருகிறவர்களை ‘உட்காருங்க’ என்று சொல்லவா ஸ்பானர் பிடித்துக் கை காய்த்துப்போனேன்?

ஏறி இறங்காத சர்வீஸ் கம்பெனி பாக்கியில்லை. எல்லா இடத்திலும் ஒரே பல்லவி: ‘பொண்ணுங்கள ஏணி ஏத்தறதில்லம்மா.’ அதனால் வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் புழங்குகிற இணையதளத்தில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்தேன். ‘கடின உழைப்பாளி, உடனே சேரத் தயார்’ என்று எழுதினேன். அங்கே இருக்கிற அத்தனை பேரும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சரி, வேலை தெரியும் என்று சொல்வானேன், செய்தே காட்டிவிடலாம் என்று மாடி வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்து, என்ன பழுது, எப்படிச் சரிசெய்தேன் என்று ஒரு சின்ன வீடியோ போட்டேன். போன் பிடித்தது அம்மா. நான் மும்முரமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு குரல்: ‘கரண்ட்ட ஆஃப் பண்ணியாடி?’ பார்த்தவர்களுக்கு என் விளக்கத்தைவிட அதுதான் பிடித்துப்போயிற்று. அடுத்து, ஏணியில் ஏறி ஏசி ரிப்பேர் செய்வதையும் போட்டிருக்கிறேன்.

கோபப்படாதே. பட்டாலும் எழுது.

உன்,
வாலு

பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

துறைமுகத்தில் உன் கடிதமும் கிடைத்தது, வீடியோக்களையும் பார்த்தேன். அம்மா இளைத்திருப்பது குரலிலேயே தெரிகிறது. சரியாகச் சாப்பிடச் சொல்.

நான் எத்தனை பேர் தாடையைப் பிடித்து அந்த வேலையைக் கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. அது பரவாயில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. ஏணியில் நிற்கிற உன்னைப் பற்றி ஒருவன் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். நீயும் படித்திருப்பாய். அம்மாவும் படித்திருப்பாள். நடுக்கடலில் நின்றுகொண்டு நான் யாரை அடிப்பேன், சொல்?

வேலை வேண்டுமென்றால் கதவைத் தட்டு. சந்தையில் நின்று கூவாதே. அந்த வீடியோக்களை எடுத்துவிடு. வேறு யாரிடமாவது நான் சொல்லிப் பார்க்கிறேன்.

கோபத்திலும் உன் அண்ணன்தான்,
அண்ணன்

மார்ச் 6

அண்ணா,

தட்டிய கதவுகள் திறந்திருந்தால் நான் ஏன் சந்தைக்கு வருகிறேன்?

அந்த ஆளைப் பற்றிக் கவலைப்படாதே. நான் அழுதுகொண்டிருந்தபோது அம்மா போனைப் பிடுங்கி அவனுக்குப் பதில் எழுதினாள்: ‘தம்பி, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் நல்லா ஓடுதா? ரிப்பேர் ஆனா சொல்லுங்க, என் பொண்ணு வந்து பாப்பா.’ அவ்வளவுதான். அதற்குக் கீழே வந்து விழுந்த சிரிப்பில் அவன் எழுதியதை அவனே அழித்துவிட்டு ஓடினான். நம் அம்மாவுக்கு இந்த வாய் எங்கே இருந்தது இத்தனை நாள்?

ஆனால் இப்போது எழுதுவது வேறு விஷயம். நான் நன்றாக மூக்குடைபட்டிருக்கிறேன்.

நம் தெருமுனை மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். ஊசி மருந்துகள் வைக்கிற ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. ஆன் செய்தால் உம்மென்று ஒரு முனகல், டக்கென்று ஒரு சத்தம், நின்றுவிடும். நான் காதை வைத்துக் கேட்டேன். ‘கம்ப்ரஸர் போச்சு, மாத்தணும்’ என்று கேமராவைப் பார்த்து அடித்துச் சொன்னேன். கம்ப்ரஸர்தான் ஃப்ரிட்ஜின் இதயம். அது போனால் புது ஃப்ரிட்ஜே வாங்கிவிடலாம் என்று அவர் மருந்துகளைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுக் கிளம்பத் தயாரானார். அந்த வீடியோவைப் பார்க்க வந்த கூட்டம் அதற்கு முன் எதற்கும் வந்ததில்லை.

மறுநாள் யாரோ ஒரு மெக்கானிக், படம் கிடையாது, பெயரும் ஏதோ எண்ணும் எழுத்தும், ஒரு வரி எழுதியிருந்தார்: ‘ரிலேய கழட்டி ஆட்டிப் பாத்தியா? பாக்காம எதுக்கு இந்த வாய்?’

ரிலே என்பது கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற சின்னச் சாமான், தீப்பெட்டி அளவு. மருந்துக்கடைக்கு ஓடினேன். கழற்றி ஆட்டினேன். உள்ளே உடைந்து கலகலவென்றது. புதிதாக ஒன்றைப் போட்டேன், கம்ப்ரஸர் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது.

கூடப் படித்தவர்கள் எல்லோரும் ‘அத அழிச்சிடு, எந்தக் கம்பெனிக்காரன் பாத்தாலும் உனக்கு வேலை கெடைக்காது’ என்கிறார்கள். நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே இரண்டாவது வீடியோ போட்டேன். ‘நேத்து நான் சொன்னது தப்பு. ஏன் தப்புன்னு காட்டுறேன்’ என்று ரிலேயைக் கேமரா முன்னால் ஆட்டிக் காட்டினேன். அந்த மெக்கானிக்குக்கு நன்றியும் சொன்னேன்.

செய்தது சரியா என்று தெரியவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

வாலு

ஏப்ரல் 18

அன்பு அண்ணா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபம் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் இதை உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

வேலை கிடைத்துவிட்டது!

ஆஸ்பத்திரிகளின் குளிர் அறைகளைப் பராமரிக்கிற கம்பெனி. அங்கே சர்வீஸ் பிரிவை நடத்துகிற மேடம் செய்தி அனுப்பியிருந்தார்: ‘ரெண்டு வீடியோவும் பாத்தேன். நேர்ல வாங்க.’ திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். சான்றிதழைக் கேட்கவில்லை. திறந்து கிடந்த ஒரு மெஷின் முன்னால் நிறுத்தி, ‘பாருங்க’ என்றார். பார்த்தேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாத இடத்தில் ‘இது தெரியல மேடம்’ என்றேன்.

கடைசியில் கேட்டார்: ‘அந்த முதல் வீடியோவ ஏன் அழிக்கல?’

‘அதப் பாத்துட்டு யாராவது நல்ல கம்ப்ரஸரத் தூக்கிப் போட்டிருந்தா? அழிச்சிட்டா அவங்களுக்கு யாரு மேடம் சொல்றது?’

அவர் திறந்து கிடந்த மெஷினை மூடினார். பிறகு, ‘நாங்க பாத்துக்கற ரத்த வங்கிக் குளிர் அறை ஒண்ணு கெட்டுப்போனா, ஆள் அனுப்பிட்டு நான் இங்கதான் உக்காந்திருப்பேன். அவங்க போன்ல சொல்றத நம்பித்தான் ஆகணும்’ என்றார். எழுந்து போய் எனக்காக ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்துவந்தார். பெரிதாக இருக்கிறது. பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நான் உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

எப்போதும் உன்,
வாலு

மே 30

என் தங்கச் செல்லத்துக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கைக்கு வந்தன. இத்தனை நாளாக நாங்கள் கரை தொடவே இல்லை, அதுதான் மௌனத்துக்குக் காரணம். கோபமும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்றால் நீ நம்பமாட்டாய்.

சிக்னல் கிடைத்ததும் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து இரண்டாவது வீடியோவைப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எங்கள் தலைமை இன்ஜினியர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ‘திருப்பிப் போடு’ என்றார். போட்டேன். ‘யாருப்பா இந்தப் பொண்ணு?’ என்றார். ‘என் தங்கச்சி சார்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த சமையல்காரர் முந்திக்கொண்டார்.

உன்னை நான் ஏதோ ஒரு மேஜைக்குப் பின்னால் பத்திரமாக உட்காரவைக்கப் பார்த்தேன். நீ அத்தனை பேர் முன்னால் நின்று உண்மையைச் சொல்லிவிட்டாய். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது, வாலு.

இப்போது என் செய்தி. கம்பெனி கப்பலை விற்றுவிட்டது, உடைக்கப் போகிறார்கள். எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மாவிடம் பதறாமல் சொல். இருபது வயதில் வெல்டராகக் கப்பல் ஏறியவனுக்குக் கரையில் யாரைத் தெரியும்? தெரிந்த சிநேகிதர்களிடம் கேட்டேன். எல்லோரும் ‘பாக்கலாம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். சமையல்காரர் போனைப் பிடிக்க, இன்ஜின் அறையில் ஒரு குழாயை வெல்டிங் செய்து, ஏன் அப்படிச் செய்கிறேன் என்று சொல்லிப் பதிவேற்றிவிட்டேன். பாதி நேரம் என் முதுகுதான் தெரிகிறது. இதுவரை பார்த்தது பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் கப்பலிலேயே இருக்கிறார்கள்.

நீ வேலையிலிருந்து வந்ததும், பூட்ஸைக் கழற்றிவிட்டு, நிதானமாகப் பார். எங்கேயாவது பிசகியிருந்தால் எனக்குத் தனியாக எழுதாதே. எல்லோரும் பார்க்கிற மாதிரி கீழேயே எழுது.

உன் பக்கத்தைப் பின்தொடர்கிற,
அண்ணன்