கட் சொன்ன பிறகு கேட்ட குரல்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் தேவலையா?

நான் உதவி எடிட்டராக இருக்கும் டிவி தொடர் முழுக்க வெட்டு, குத்துதான். பகலெல்லாம் ரத்தம் பார்த்துவிட்டு இங்கே தேக்கா சந்தையில் மீன்கறி சாப்பிடுகிறேன். பழகிவிட்டது.

போன வாரம் ஒரு சின்ன விஷயம். சண்டைக் காட்சியில் ரப்பர் கம்பி என்று நினைத்து நிஜக் கம்பியால் அடித்துவிட்டார்கள். ஸ்டண்ட்காரர் வேலாயுதத்தின் முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இயக்குநர் "கட்" சொன்ன பிறகு வேலாயுதம் "அம்மா!" என்று அலறியதும் பதிவாகிவிட்டது. இப்போது தேறிவருகிறார்.

"அந்தச் சத்தம் ஒரிஜினல் லா. எடுத்து அடி விழுற இடத்துல வை," என்றார் எடிட்டர் சுகுமாரன், இந்த ஊர்ப் பேச்சில்.

"பாவம் சார், வேணாமே."

ஹெட்போனைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தார். புருவத்தில் கீறல்தான். திருப்பி அறையக் கை எழுந்தது. வேலை போய்விடுமே என்று பயந்து, அவர் சொன்ன இடத்திலேயே அந்த அலறலை வைத்துவிட்டேன்.

போனில் பேசினால் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். அங்கே மிக்ஸி ஓடினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன்.

சார் கூப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை தம்பி அந்தத் தொடரைப் போட்டுக் காட்டுவான். கடைசியில் என் பெயர் வரும். நடுவில் ஒருவர் "அம்மா" என்று அலறுவார். பதறாதீர்கள், அது நான் இல்லை.

உங்கள் மகன்,
இளவழகன்