ஞானத்தகப்பன் கொண்டுவந்த சீர்

ஏப்ரல் 14, புதன்

பால் நன்றாக இறங்குகிறது. காலையிலேயே இரண்டு வட்டு சீஸ் போட்டுவிட்டேன்.

மகள் எர்கினாவுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. என் வீட்டுக்காரி அந்தூசா பல வாரமாக ஆட்டுப்பாலில் ஏடு எடுத்து, உப்புப் போட்டு, சட்டியில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணச் சோற்றை இறக்கும்போது மேலே ஊற்றுகிற ஏட்டு வெண்ணெய்க்கு. எங்கள் மலையில் மாப்பிள்ளை எப்படி என்று பிறகுதான் கேட்பார்கள், முதலில் சோறு எப்படி என்று கேட்பார்கள். ரொட்டியில் கொஞ்சம் ஏட்டைத் தடவினேன் என்று, பூனையை விரட்டுவதுபோல் என்னை விரட்டிவிட்டாள்.

சாயங்காலம் கும்பாதிரி வார்திஸ் வந்தார். சின்ன வயதில் எனக்கு அவர் டா, அவருக்கு நான் டா. எர்கினாவின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி அவளுக்கு ஞானத்தகப்பன் ஆனார், அந்த ஞான உறவில் எனக்குக் கும்பாதிரி ஆனார். அன்றிலிருந்து இருபத்துமூன்று வருடமாக இரண்டு பேருக்கும் நீங்க, வாங்க, கும்பாதிரிதான். கூடப் பிறந்தவன்மேல் கோபம் வரலாம், கும்பாதிரிமேல் வரக்கூடாது.

இந்தக் குளிரில் அவர் மந்தையில் பாதிக்குமேல் நோயில் போய்விட்டது. அதனால் நானே சொன்னேன்: "சீர் கீர்னு ஒண்ணும் யோசிக்காதீங்க கும்பாதிரி. நீங்க வெறுங்கையோட வந்தாலே எங்களுக்குப் போதும்."

"வெறுங்கையோடயா? அவ எனக்கும் மகதான்" என்றார்.

மனசு நிறைந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனிதர். எர்கினா ஒருத்திதான்.

ஏப்ரல் 19

மழை. என் ஆடு சப்பாணி இன்றும் நொண்டிக்கொண்டே மந்தைக்கு முன்னால் போனாள். போன வருடம் பாறையில் உருண்டு கால் ஒடிந்தபோது வெட்டிவிடச் சொன்னார்கள் எல்லாரும். நாணல் குச்சி வைத்து, பைன் பிசின் தடவி, நானே கட்டினேன். முட்டிக்குக் கீழே எலும்பில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். பாலுக்கு ஒரு குறையும் இல்லை.

ஏப்ரல் 23, வெள்ளி. புனித ஜார்ஜியார் திருநாள்

எழுதக் கை வரவில்லை.

கோயில் முற்றத்தில் பால் கறந்து ஊருக்கு ஊற்றுகிற நாள். எல்லா மந்தையும் வந்துவிட்டது. நானும் இருட்டோடு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே போய்ப் பார்த்தால் ஆறு ஆட்டைக் காணோம். சப்பாணியையும் காணோம்! ராத்திரி பட்டியில் எவனோ கை வைத்திருக்கிறான். மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். ஜார்ஜியார் திருநாளில்!

என்னைவிடக் கும்பாதிரிக்குத்தான் கோபம். "எவன்டா அவன்? கையில கிடைச்சான்னா உரிச்சுத் தொங்கவிட்டுருவேன்" என்று முற்றத்தில் நின்று கரடியாகக் கத்தினார். அந்தப் பக்கத்து மலைக்காரர்கள் வேலைதான் என்றார். மதியத்திலிருந்து என்னோடு உச்சிவரை ஏறி இறங்கினார். புதர் புதராகப் பார்த்தார். சீஸும் ரொட்டியும் அவர் பையிலிருந்துதான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். "விடுங்க கும்பாதிரி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தோளில் கை போட்டார்.

இப்படி ஒருவர் இல்லாவிட்டால் இன்று நான் என்ன ஆகியிருப்பேனோ.

ஏப்ரல் 24, சனி

சீர் வந்தது! பிக்கப் நிறைய ஆடு. தோலுரித்து, தலை எடுத்து, வெள்ளைத் துணி சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து வாசனைத் தழை சொருகி. ஊரே பார்க்கத் தெரு வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார் கும்பாதிரி. "தலை, குடல் எல்லாம் அங்கயே சுத்தம் பண்ணிட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்" என்றார். மிஞ்சியிருந்த மந்தையிலிருந்து வெட்டியிருக்கிறார், பாவம். எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. சீரை யாராவது எண்ணுவார்களா? கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

அந்தூசா கறியை உள்ளே வாங்கி வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. "நன்றின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா உனக்கு?" என்றேன்.

"சொல்றேன், போங்க" என்றாள்.

ஏப்ரல் 26, திங்கள்

கல்யாணம் முடிந்தது. எர்கினா போய்விட்டாள். வீடு கொட்டாவி விடுகிறது.

சோறு அப்படி இருந்தது. கறி வெந்த சாற்றிலேயே அரிசியைப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஏட்டு வெண்ணெயைக் காய்ச்சி மேலே ஊற்றியபோது வாசனைக்கே பாதிப் பேருக்குப் பசி வந்துவிட்டது. நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். எல்லாரிடமும் போய்ப் போய்ச் சொன்னேன்: "கும்பாதிரி சீர். கும்பாதிரி ஆடு."

ஒன்று மட்டும் மனசில் கிடக்கிறது. கறி தீர்ந்ததும் வழக்கம்போல் என் மச்சான் யாக்குமிஸிடம் ஒரு தோள்பட்டை எலும்பைக் கொடுத்தார்கள். அந்தூசாவின் அண்ணன். எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுவதில் இந்த மலையில் அவர்தான் கெட்டிக்காரர். ஆட்டை வளர்த்தவன் வீட்டு விஷயம்தான் எலும்பில் எழுதியிருக்கும், வெட்டினவன் விஷயமோ தின்றவன் விஷயமோ அல்ல. இது எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

மச்சான் சத்தமாக ஆரம்பித்தார்: "ஆட்டுக்காரன் வீட்ல ஒரு பொண்ணு வாசல் தாண்டிப் போறா. வீட்டுக்காரிக்கு மனசுல பாரம்..."

"என்ன கும்பாதிரி, எங்களுக்குத் தெரியாம யாரை ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று நான்தான் கேட்டேன். பந்தலே சிரித்தது. கும்பாதிரியும் சிரித்தார், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. மச்சான் எலும்பைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டார். பாதி பார்த்த எலும்பை அவர் போட்டு நான் கண்டதில்லை.

ஏப்ரல் 29

மச்சான் வீட்டுக்குப் போனேன். "எலும்புல என்ன பார்த்தீங்க மச்சான்?"

"குடிச்சிருந்தேன் மாப்ள. ஏதோ உளறினேன்."

"நீங்க குடிச்சா இன்னும் நல்லாப் பார்ப்பீங்க."

என் முகத்தைப் பார்க்காமல் சாராயத்தை ஊற்றினார். "எலும்பு பொய் சொல்லாது. நான் வேணா சொல்லுவேன். விட்டுருங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்தது யார் வீட்டில்? என் வீட்டில். அப்படியானால் ஆடு யாருடையது? ஏன் தலை இல்லை? காதைப் பார்த்தால் எவன் குறி என்று தெரிந்துவிடும், அதனால் இல்லை. இரண்டாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. எனக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது.

என் ஆட்டை வெட்டி எனக்கே சீர் வைத்திருக்கிறான். நான் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறேன். மூன்று தட்டு தின்றிருக்கிறேன். என்னோடு மலை ஏறித் தேடினானே, பாவி! எந்த வாயால் ரொட்டியை மென்றான்?

இல்லை. இருக்காது. எலும்பை நம்பியா ஒரு மனிதனை...

மே 3

தூக்கம் இல்லை. பால் திரிந்துவிட்டது. என் தப்புதான், அடுப்பைக் கவனிக்கவில்லை.

மே 6

முடிவு பண்ணிவிட்டேன். ஜார்ஜியார் படத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணட்டும். ஆடு காணாமல் போனால் இந்த மலையில் அதுதான் வழி. சத்தியம் பண்ணிவிட்டால் பேச்சு முடிந்தது, நான் அவன் காலில் விழுகிறேன்.

அந்தூசா வேண்டாம் என்கிறாள். "ஆறு ஆட்டுக்காக அவரைக் கோயிலுக்கு இழுக்கணுமா? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல? விட்டுடுங்க."

"ஆட்டுக்காகவா? உனக்கு ஒண்ணுமே உறைக்காதா?"

"உறைக்குது. அதான் விடச் சொல்றேன்."

நல்ல மனசு அவளுக்கு. எனக்கு அது இல்லை.

மே 9, ஞாயிறு

போனேன். சொன்னேன். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "வாங்க போகலாம்" என்று தொப்பியைக் கூட எடுக்காமல் வந்தான். ஒரு நிமிஷம் எனக்கே வெட்கமாகிவிட்டது. தப்பு பண்ணினவன் இப்படி வருவானா?

கோயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவன் மெழுகுவர்த்தி ஏற்றினான். படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். "ஜார்ஜியார் சாட்சியா, கும்பாதிரி ஆட்டை நான் தொட்டிருந்தா, என் பிள்ளை..."

அவனுக்கு ஏது பிள்ளை?

இந்த உலகத்தில் அவன் பிள்ளை என்று சொல்ல எர்கினா ஒருத்திதான். பொய்ச் சத்தியம் பிள்ளை தலையில்தான் விடியும். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மெழுகுவர்த்தி கீழே விழுந்தது. "போதும்! நிறுத்துங்க! போதும்!"

நிறுத்திவிட்டான். நான் பிடித்திருக்காவிட்டால் முடித்திருப்பான். என் மகள் தலைமேல் கை வைத்து முடித்திருப்பான். ஆடு போகட்டும், ஆயிரம் ஆடு போகட்டும், இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வெளியே வந்து மதில்மேல் உட்கார்ந்தோம். அவனாகவே சொன்னான்: "என்கிட்ட இருந்தது எல்லாம் சீக்கு ஆடு. அதையா அவ கல்யாணத்துக்குக் கொண்டு வர்றது? வெறுங்கையோட வாங்கன்னு வேற சொல்லிட்டீங்க."

"அதுக்கு என் பட்டியா கிடைச்சது?"

"வேற எவன் பட்டியில கை வச்சாலும் சுட்டிருப்பான் கும்பாதிரி. நீங்க சுட மாட்டீங்க."

என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

மே 10

காலையில் அந்தூசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பால் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"உனக்கு அதிர்ச்சியாவே இல்லையா?"

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்னிக்கு?"

"சீர் வந்த அன்னிக்கு. துணியைப் பிரிச்சதும் முதல்ல கையில வந்தது அந்தக் கால்தான். நீங்க கட்டுப் போட்ட கால். புடைப்பு அப்படியே இருந்துச்சு. சப்பாணியை எனக்குத் தெரியாதா? யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி வெட்டி நாய்க்குப் போட்டுட்டேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா துப்பாக்கியை எடுத்திருப்பீங்க. விடிஞ்சா கல்யாணம். எம் பொண்ணு வெள்ளைத் துணியில போறதா, கறுப்புத் துணியில போறதா?"

"அவனுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

"அடுப்படியில நின்னாரு. நான் பார்த்ததைப் பார்த்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல."

ஆக, அவனுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். மச்சானுக்கு எலும்பைப் பார்த்ததும் தெரியும். நான் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு "கும்பாதிரி ஆடு, கும்பாதிரி ஆடு" என்று பந்தல் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். சப்பாணியின் சாற்றில் வெந்த சோற்றை அந்தூசாவே என் தட்டில் போட்டாள். மூன்று முறையும் அவள்தான் போட்டாள்.

நான் சுட மாட்டேன் என்று அவன் சொல்கிறான். சுட்டிருப்பேன் என்று இவள் சொல்கிறாள். இரண்டு பேரில் யாருக்கு என்னைத் தெரியும்?

மே 11

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 20

அந்தூசாவோடு பேசுகிறேன். உப்பு தீர்ந்துவிட்டது, விறகு நனைந்திருக்கிறது, பால் குறைந்துவிட்டது. இந்த மாதிரி.

ஜூலை 18

எர்கினா வந்திருந்தாள். முழுகாமல் இருக்கிறாள். அந்தூசா அழுதாள், நானும் அழுதேன், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு பேரும் ஒன்றாக. போகும்போது எர்கினா கேட்டாள்: "என் ஞானத்தகப்பன் ஏன்பா இங்க வர்றதே இல்ல? கேட்டா வேலைங்கறாரு."

"வேலையாத்தான் இருக்கும்" என்றேன். அந்தூசா என்னைப் பார்த்தாள். இப்போது நானும் மறைக்கிறவர்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

அக்டோபர் 30, சனி

மச்சான் கொட்டகையில் சாராயம் காய்ச்சினோம். புளித்த திராட்சைச் சக்கையைக் கொப்பரையில் கொட்டி, மூடியைச் சுற்றி மாவு பூசி, விடிந்ததிலிருந்து அடுப்பு எரிந்தது. ஊரே இருந்தது. சாம்பலில் உருளைக்கிழங்கு, தட்டுகளில் ஆலிவ் காய், மாதுளை. எர்கினா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மருமகனோடு வந்தாள். அவள் பின்னாலேயே வார்திஸும் வந்தான். அவள்தான் வீட்டுக்குப் போய் இழுத்து வந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அவன் பழைய இடத்தில், குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் இறங்குகிற சாராயத்தை வருடா வருடம் அவன்தான் பிடித்து என்னிடம் நீட்டுவான். இந்த வருடமும் பிடித்தான். எழுந்து வந்து நீட்டினான்.

"இந்தாங்க கும்பாதிரி. முதல் கிளாஸ் உங்களுக்குத்தான்."

கோயிலில் படத்தின்மேல் வைத்த அதே கை.

வாங்கினேன். ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறுவரை எரிந்துகொண்டு போனது. நல்ல சரக்கு.

"நல்லா இருக்கு, வார்திஸ்" என்றேன்.

மச்சான் அடுப்பைக் கிளறுவதை விட்டுத் திரும்பினார். அந்தூசாவின் கையில் மாதுளை பாதி உரித்தபடி இருந்தது. எர்கினாவுக்கு ஞானஸ்நானம் ஆனதிலிருந்து என் வாயால் அவனை நேருக்கு நேர் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா?" என்றாள்.

அவன் காலிக் கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "இன்னொண்ணு ஊத்தட்டுமா..." என்று ஆரம்பித்தவன், என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.