கெங்கம்மாளின் பதினாலு வருடம்

சேசு மரி சூசை

திண்டிவனம்
8.6.1986

அன்பு மகள் இருதயசெல்விக்கு அப்பா சின்னப்பராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மதுரையில் வெயில் எப்படி? நர்ஸ் டிரெயினிங்கில் இரவு டூட்டி போட்டால் பகலில் தூங்கிவிடு. படிப்பு எங்கும் ஓடிவிடாது.

ஒரு செய்தி. மில்லை மூடிவிட்டார்கள். போன திங்கட்கிழமை சங்கு ஊதவில்லை. போய்ப் பார்த்தால் கேட்டில் நோட்டீஸ். டைம்கீப்பர் என்பதால் நான்தான் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எண்ணெய்த் தொழிலில் நஷ்டமாம், இனி ஓட்ட முடியாதாம். மல்லாட்டைத் தோல் உடைத்துக் கடலை எடுக்கும் பகுதியில் வேலை செய்த இருபத்திரண்டு பெண்களும் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள்.

நீ பயப்படாதே. வேலை போனவர்களுக்குச் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. கணக்கும் சுலபம்தான். ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும். அப்படி நிறைந்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். எனக்கு மாதம் அறுநூற்று இருபது, பதினேழு வருடம். ஐயாயிரத்து இருநூற்று எழுபது வரும். ஜூலை பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டிய உன் டிரெயினிங் ஃபீஸ் அதில் போய்விடும்.

அந்தப் பெண்கள் தினமும் வீட்டுக்கு வருகிறார்கள். நேற்று கெங்கம்மாள் வந்தாள். போன மாசியில் விக்கிரவாண்டி ரோட்டில் லாரி மோதி அவள் புருஷன் துரைக்கண்ணுவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேனே, அவள்தான். "எனக்கு எவ்ளோ வரும், ஒரு கணக்கு போட்டுச் சொல்லுங்கய்யா. அதை நம்பித்தான் அவருக்கு ஒரு கால் வாங்கலாம்னு சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள். நாள் கூலி ஒன்பது ரூபாய், பதினாலு வருடம். காகிதத்தில் பெருக்கி, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு என்று சொன்னேன். அந்தக் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

சொல்லும்போதே எனக்குத் தெரியும் செல்வி, அது வராது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். அந்தப் பெண்கள் யாருக்கும் எந்த வருடமும் ரிஜிஸ்தரில் இருநூற்று நாற்பது நாள் இல்லை. இருநூறு நாள் ஆனதும் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரில் எழுதச் சொல்வார் மேனேஜர். ஆள் அதே ஆள், வேலை அதே வேலை. அவர் சொன்னார், நான் எழுதினேன். கூலி கையில் கொடுப்பதுதான் வழக்கம், கைநாட்டு வாங்குவதில்லை. ரிஜிஸ்தரில் இருப்பதெல்லாம் என் எழுத்துதான்.

விழுப்புரத்தில் லேபர் ஆபீசர் விசாரிக்கப் போகிறார். கூப்பிட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். செயற்கைக் கால் என்ன விலை என்று உங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்து எழுது.

மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அப்பா
சின்னப்பராஜ்


சே. ம. சூ.

திண்டிவனம்
6.7.1986

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. வார்டு சிஸ்டரிடம் கேட்டு, ஆயிரத்து நானூறுக்குள் கால் செய்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். அளவெடுக்க எப்போது வரலாம் என்றும் கேட்டு வைத்திருக்கிறாய். அதை நான் கெங்கம்மாளிடம் சொல்லவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். காப்பி கூடக் குடிக்கவில்லை. "எழுதினது உன் கை. பொய் ரிஜிஸ்தர்னு நீயே சொன்னா மொதல்ல உள்ள போறது நீதான். பேசாம இருந்தா உன் நஷ்டஈடு செக்கு ரெடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் ஜெபம் கூடச் சொல்லவில்லை. உன் மீது பழி போட இதை எழுதவில்லை. ஆனால் பதினைந்தாம் தேதி என்பது என் மனத்தில் இருந்தது உண்மை.

மறுநாள் எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் விழுப்புரம் போனோம். கண்டக்டர் வந்தபோது கெங்கம்மாள் என் கையைத் தடுத்தாள். "எங்களுக்காக வர்றீங்க. டிக்கெட் நாங்க எடுக்குறோம்ங்க" என்று சுருக்குப் பையை அவிழ்த்தாள். நான் எடுக்க விட்டேன்.

ஆபீசர் சின்ன வயது. பொறுமையானவர். கெங்கம்மாள் தந்த காகிதத்தை வாங்கிப் பார்த்து, கணக்கு சரிதான் என்றார். பிறகு ரிஜிஸ்தரை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கெங்கம்மாள் என்ற பெயர் ஓர் ஆகஸ்டில் முடிகிறது. அங்கே வீரம்மாள் தொடங்குகிறாள். அப்புறம் முனியம்மாள். அப்புறம் சின்னபொண்ணு. "இதெல்லாம் இந்த அம்மாவேதானா?" என்று என்னைக் கேட்டார். அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துப் படித்தார். "அமலோற்பவமேரி. எண்பத்தொண்ணு ஜனவரி. இது யாரு?"

உன் அம்மா இறந்து இரண்டு மாதம் கூட ஆகாத சமயம் அது. புதுப்பெயர் ஒன்று போடு என்று மேனேஜர் சொன்னபோது வேறு எதுவும் எனக்கு வரவில்லை. அந்தப் பெயரைத் தினமும் எழுதிக்கொண்டிருக்கலாம் என்றும் அன்று தோன்றியது. இருநூறு நாள் எழுதினேன்.

ஆபீசர் காத்திருந்தார். இருபத்திரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மை சொல்ல ஆள் நான் ஒருவன்தான்.

"அது வேற பொம்பளை சார். கொஞ்ச நாள் வேலைக்கு வந்துச்சு. இப்போ எங்க இருக்குதுன்னு தெரியலை" என்றேன்.

அவ்வளவுதான். ஆபீசர் பேனாவை மூடிவிட்டு, ரிஜிஸ்தரில் இல்லாததை நான் எப்படிக் கொடுக்கச் சொல்வது என்று அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் மற்றவர்கள் என்னைக் கடந்து போனார்கள். யாரோ துப்பினார்கள். கெங்கம்மாள் மட்டும் கிட்டே வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தாள். "அப்போ பதினாலு வருசம் நான் தெனம் காலையில எங்கய்யா போய்க்கினு இருந்தேன்?"

அவர்கள் ஏறிய பஸ்ஸில் நான் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் செக் வந்தது. நான் போட்ட கணக்கில் ஒரு ரூபாய் குறையவில்லை. பாங்கில் மாற்றியதும் ஆயிரத்து நானூறை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். துரைக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரியாது போலிருக்கிறது, வாங்கய்யா என்று கும்பிட்டார். கெங்கம்மாள் வாசலுக்கு வந்து உறையைத் தொடாமலே பேசினாள். "எனக்கு வர வேண்டிய காசுன்னா கொடுங்க. உங்க காசு எனக்கு எதுக்குங்க?" குரலை உயர்த்தவில்லை. இப்போது விக்கிரவாண்டியில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகிறாளாம்.

கோவிலுக்குப் போனேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றுவிட்டு என் முறை வருமுன் திரும்பிவிட்டேன். நஷ்டத்தை ஈடுசெய் என்றுதான் சாமியார் சொல்வார். விழுப்புரம் ஆபீசருக்கு உண்மையை எழுதலாம் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். விலாசம் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று தொள்ளாயிரம் ரூபாய் உனக்கு மணியார்டர் செய்திருக்கிறேன். உன் அம்மா பெயர் எப்படிப்பட்ட இடத்தில் கிடந்தது என்று படித்த பிறகு உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். உன் முகம் எனக்குத் தெரியாதா? எத்தனை கோபமாக வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தபால்காரர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள், தாயே. நீயும் திருப்பி அனுப்பிவிடாதே.

அப்பா