பூட்ஸைக் கழற்றிவிட்டு வா

பிரிட்டிஷ் கொலம்பியா,
மார்கழி, 1911

குருவின் அருளால் என்றும் நலமாயிருக்க வேண்டிய பசந்த் கௌருக்கு,

உன் கணவன் வசாகா சிங் எழுதுவது. நான் சுகம். ஆலை மாறிவிட்டேன், காரணம் கீழே. அப்பாவுக்கு இருமல் தணிந்தது அறிந்து நிம்மதி. "ஊர் திரும்பாம அங்க என்ன குருத்வாரா வேண்டிக்கிடக்கு?" என்று கேட்டிருந்தாய். கோபப்படாமல் படி.

மர ஆலைக்காரன் கொடுத்த கொட்டகையில்தான் தூங்கினோம், சமைத்தோம், ஒரு மூலையில் கிரந்தத்தை வைத்து ஓதினோம். வைகாசியில் ஒரு ஞாயிறு, மேஸ்திரி கார்விக் பூட்ஸ் காலோடும் வாயில் சுருட்டோடும் நடுவே நடந்து வந்தான். கழற்றிவிட்டு வரச் சொன்னேன். "இது கம்பெனி கொட்டாய். யார் வீட்டுல யாருடா சட்டம் பேசுறது?" என்றான். விரிப்பெல்லாம் சேறு. அதைத் துடைத்தபடி மெஹங்கா சிங் சொன்னான்: "நமக்குன்னு ஒரு வாசல் இருந்தாத்தானே அவனை அங்க நிறுத்த முடியும்?" என் பக்கத்துக் கட்டில்காரன் அவன், வாய் சும்மா இராது.

குன்றின் மேல் அடிக்கட்டைகள் மண்டிய நிலம் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. குருத்வாரா கட்ட அதை வாங்கினோம். பலகையும் வாங்கினோம், வண்டி தரமாட்டேன் என்றான் கார்விக். தோள் இருக்கிறதே! வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பலகை, கடைத்தெரு வழியாகவே. பின்னால் சந்து இருந்தது. வேண்டுமென்றேதான் அதில் போகவில்லை. "கழுதைங்க போகுது பாரு" என்று ஊர்க்காரர்கள் கத்துவார்கள். "ஒதுங்குங்க துரை, கழுதை உதைச்சிரும்" என்பான் மெஹங்கா, பஞ்சாபியில். சிரிப்பில் சுமை தெரியாது.

கொடிமரம் நட்ட அன்று நகர சபைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கார்விக் வந்தான். சர்ச் கோபுரத்தைவிட உயரமாம், வெட்ட வேண்டுமாம். "கட்டடம் கட்டுறவன் ஊர் திரும்ப மாட்டான்" என்று சபைக்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார். அவர்கள் பயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஆமா, திரும்ப மாட்டோம். வெட்டணும்னா வெட்டிக்குங்க. நாளைக்கே இதைவிட நெட்டையா நடுவோம். மரம் அறுக்கறதுதான் எங்க பொழப்பு" என்றேன். நம் ஆட்கள் எல்லோரும் வந்து கொடிமரத்தைச் சுற்றி நின்றார்கள். பிறகு, "வந்தது வந்தீங்க, சாப்பிட்டுப் போங்க. பூட்ஸைக் கழட்டிட்டு வரணும்" என்றேன். சபைக்காரர் தயங்கித் தயங்கிக் குனிந்து நாடாவை அவிழ்த்தார். தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் தின்றார். கார்விக் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் எனக்கு வேலை இல்லை என்றான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஆலையில் சேர்ந்துவிட்டேன். கொடி அங்கிருந்தும் தெரிகிறது.

ஆண்கள் இங்கே உழைக்கலாம், பெண்டாட்டி பிள்ளை வரக் கூடாது என்பதுதான் இன்னமும் சட்டம். மனுப் போட்டோம், மறுத்தார்கள். மறுபடி போட்டிருக்கிறோம்.

குருத்வாராவுக்குள்ளே இடப்பக்கம் பெண்களுக்கென்று விரிப்புப் போட்டிருக்கிறோம். நம் பெண்கள் ஒருத்திகூட இந்த ஊரில் இல்லை. போன ஞாயிறு பெருங்கூட்டம், வெளியே மழை. "சும்மாதானே கெடக்கு, உக்காரட்டுமே" என்றான் ஒரு புது ஆள். மெஹங்கா அன்று கேலி பேசவில்லை. "அது ஆள் உள்ள எடம்" என்றான். மற்ற பக்கத்தில் முழங்கால் இடிக்க நெருக்கி உட்கார்ந்தோம்.

இங்கே குளிர் கடுமை. உனக்கும் பிள்ளைக்கும் கனமான கம்பளியாகப் பார்த்து எடுத்து வை. குரு உங்களைக் காக்கட்டும்.

உன்,
வசாகா சிங்