பிரதீபனின் காதுக்கு ஒரு குணுக்கு

தர்மிளா,

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில் மூடி இருக்கின்றன. உன் விண்வெளி ஆட்டத்து அட்டைக்கட்டை எடுத்துக்கொண்டு, பிரதீபனோடு விளையாடப் பரந்தனுக்குப் போகிறேன்.

நேற்று அங்கே போட்டியில் நீ தோற்றதற்காக நான் ஏசவில்லை. முந்நூற்றிநாலு சீட்டாட்டத்தில் தோற்றவருக்குக் கேலியாக மாட்டுகிற குணுக்கை, உன்னை வென்ற அந்தப் பிரதீபன் உன் காதில் மாட்டி, "நல்லதம்பி ஐயான்ர மகளுக்கு நகை போட்டாச்சு" என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்திருக்கிறான். நீ மறு ஆட்டம் கேட்காமல் அழுதுகொண்டு வந்தாய். அதற்குத்தான் ஏசினேன்.

நீ வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த அட்டை ஆட்டத்தின் விதிப்புத்தகத்தைப் படித்து வந்தவன் நான். கறுப்புச் சூரியன் அட்டையை நீ அவசரப்பட்டு இறக்கிவிட்டாய். நான் கடைசிவரை வைத்திருப்பேன்.

நான் வென்று உனக்குப் போன் எடுத்ததும் வா. அவன் காதில் நான் கைவைக்க மாட்டேன். நீதான் மாட்ட வேண்டும்.

அப்பா

கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடு.

அவன் உனக்கு மாட்டிய குணுக்கு மேசை லாச்சியில் இருக்கிறது. அதையே கொண்டு வா. நல்ல சட்டை போடு, படம் எடுப்பார்கள்.