டேட்டா முடிந்துவிட்டது என்று சொன்னேன்

ஜூலை 19, வெள்ளி

காலையிலிருந்து கச்சான் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மணல். திரும்ப அலசினேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. பள்ளிவாசல்துறையில் ஒரு போட்டும் இறங்கவில்லை என்றார்.

பகல் நெத்தலிக் குழம்பு. அம்னா முள் இருக்கிறது என்று பாதியை ஒதுக்கிவிட்டாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி சபீனா குவைத்திலிருந்து போன் எடுத்தாள். வேலை செய்யும் வீட்டில் வெள்ளி பின்னேரம் மட்டும்தான் அவள் கையில் போனைக் கொடுப்பார்கள். அதுவும் ஒரு மணித்தியாலம். வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தாள். “அம்னா எங்க? எண்ட மகள் எங்க?”

அம்னா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். இழுத்து முன்னால் விட்டேன். ஸலாம் சொன்னாள், தலை குனிந்தபடி.

ஏழு நிமிஷம். பிறகு நான், “டேட்டா முடியப் போகுது புள்ள, கட்டாகிரும்” என்றேன். வைத்துவிட்டேன்.

டேட்டா முடியவில்லை. பொய். இங்கே எழுதிவைக்கிறேன், வேறெங்கும் சொல்ல முடியாது.

ஜூலை 20, சனி

நித்திரை சரியில்லை. தைக்க இருந்த இரண்டு அபாயாவும் அப்படியே.

மே மாதத்திலிருந்து ஐந்து வெள்ளி இப்படிச் சொல்லியிருக்கிறேன். மாதத் தொடக்கத்தில் சொன்னால் நம்பமாட்டாள். பதினைந்துக்குப் பிறகுதான் சொல்வேன். அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறேன்.

மாதத்துக்கென்று தந்த டேட்டா எங்கே போகிறது:
– அவருடைய கிரிக்கெட்
– அம்னாவின் கார்ட்டூன், சாப்பாட்டு நேரம் மட்டும் (சும்மா சொல்கிறேன், எந்த நேரமும்தான்)
– நான் பார்க்கும் தையல் வீடியோ
– சபீனா. எல்லாவற்றிலும் குறைவு.

அவள் பேசிவிட்டுப் போனால் அம்னா சரியாகச் சாப்பிடுவதில்லை, பிள்ளையின் நன்மைக்குத்தான் செய்கிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது காரணம் இல்லை. அம்னா இப்போது என்னை உம்மா என்று கூப்பிடுகிறாள். போனில் சபீனாவின் முகம் வந்ததும் பெரியும்மா ஆகிவிடுகிறேன். கலியாணம் முடித்துப் பதினொரு வருஷம். என்னை உம்மா என்று கூப்பிட வேறு ஆள் இல்லை.

சபீனா போகும்போது அம்னாவுக்கு மூன்று வயது. புருஷன் விட்டுப்போய் ஒரு வருஷம் அப்போது. நவம்பரில் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து வருகிறாள். இன்னும் நான்கு மாதம்.

பின்னேரம் மிச்ச டேட்டா எவ்வளவு என்று போனில் பார்த்தேன். 46 ஜிபி. அதற்குக் கீழே இன்னொரு வரி. மேலதிகம் 20 ஜிபி. நேற்றுப் பின்னேரம் போட்டது.

நான் போடவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

காற்று கொஞ்சம் அடங்கியது. பாண், பருப்பு.

அவரிடம் கேட்டேன். “நான் ஏன் போடுறன்? கிரிக்கெட் பாக்குறதுக்கே உங்கிட்ட ஏச்சு வாங்குறன்” என்றார். பிறகு அவரே, “கனெக்‌ஷன் சபீனாட பேர்லதானே” என்றார்.

கையில் பிடித்த கோப்பையை வைத்துவிட்டேன்.

போவதற்கு முன் அவள்தான் தன் அடையாள அட்டையைக் கொடுத்து இணைப்பை எடுத்தாள், அங்கிருந்து மகளைப் பார்க்கலாம் என்று. எவ்வளவு பாவித்தோம், எவ்வளவு மிச்சம், எல்லாம் அவள் போனிலும் தெரியும். நான் மறந்தே போனேன்.

அப்படியானால் 46 ஜிபி இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இன்னும் இருபது போட்டிருக்கிறாள்.

ஜூலை 22, திங்கள்

அம்னாவை நேர்சரிக்குக் கூட்டிப்போனேன். டீச்சர்: “உங்கட மகள் நல்லா வரையிறா.” வழக்கமாக ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு வருவேன். இன்று “எண்ட தங்கச்சிட மகள்” என்றேன். டீச்சர் ஒரு மாதிரிப் பார்த்தார். அம்னாவும் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கையைப் பிடிக்கவில்லை. மண்ணை உதைத்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.

ஜூலை 24, புதன்

அபாயா ஒன்று முடிந்தது. கையை அளவு மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

வெள்ளிக்கு என்ன சொல்வது? அவள் கேட்கமாட்டாள். கேட்பதாயிருந்தால் எப்போதோ கேட்டிருப்பாள். சிறுவயதில் அவளுடைய எதையாவது நான் எடுத்தால் ஊரையே கூட்டுவாள்.

ஜூலை 26, வெள்ளி

அவர் ஜும்ஆவுக்குப் போய்விட்டு அப்படியே போட் பார்க்கப் போனார். அம்னாவுக்கு லேசான காய்ச்சல், மருந்து குடித்துத் தூங்கினாள்.

சபீனா எடுத்தாள்.

“ஏன் ராத்தா முகம் ஒரு மாதிரி இரிக்கி?”

“டேட்டா போட்டது நீயா?”

“ஓம். முடியப் போகுது எண்டீங்களே.”

“மிச்சம் எவ்வளவு இருந்திச்சி எண்டு பாத்தியா?”

அங்கே ஏதோ ஒரு பிள்ளை அழுதது. அவள் வளர்க்கும் பிள்ளை.

“பாத்தன்.”

“எப்ப இருந்து பாக்குறாய்?”

“ஜூன்லயிருந்து.”

“ஏன் நீ ஒண்டும் கேக்கல்ல?”

“கேட்டா நீங்க வெக்கப்படுவீங்க. கோவமும் வரும். பொறகு அம்னாவ யாரு பாக்குற?” குரல் உயரவே இல்லை. “கோவிச்சுக் கதைக்கிற எடத்துலயா நான் இரிக்கிறன் ராத்தா?”

“மாப்பு செய் புள்ள” என்றேன்.

“டேட்டா நெறய இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் அவளக் காட்டுவீங்க எண்டு நெனச்சன்” என்றாள்.

அழுதேன். அவள் அழவில்லை. அழுதால் கண் சிவந்திருக்கும், வீட்டுக்காரி கேட்பாள் என்றாள்.

அம்னாவை எழுப்பப் போனேன். வேண்டாம் என்றாள். போனைத் தூங்கும் பிள்ளையின் பக்கம் திருப்பினேன். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிடச் சொன்னாள். ஒதுக்கினேன். “சூடு இரிக்கா?” கொஞ்சம் என்றேன். “காலக் காட்டுங்க.” காட்டினேன். “வளந்துட்டா” என்றாள்.

“நவம்பர்ல வந்தா எங்கிட்ட வருவாளா?” என்றாள்.

வருவாள் என்றேன்.

“வராட்டி?”

அவளை யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள்.

அலுமாரியிலிருந்து சபீனாவின் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கைக்குழந்தை அம்னாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். “இவங்கதான் உம்மா. நீ இவங்கட வயித்துல இருந்துதான் வந்தாய். நான் பெரியும்மா” என்றேன்.

“இவங்க போன் உம்மா” என்றாள்.

“இல்ல, உம்மா.”

“நீங்க?”

“பெரியும்மா.”

உதட்டைப் பிதுக்கினாள். பின்னேரம் வரைக்கும் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர், “பிள்ளைய ஏன் வதைக்கிறாய்? இரிக்கிற மாதிரி இரிக்கட்டுமே” என்றார். அவருக்கும் நவம்பர் வேண்டாம். சொல்லமாட்டார்.

ஜூலை 31, புதன்

மாத முடிவு. கிரிக்கெட்டும் கார்ட்டூனும் போக 31 ஜிபி மிச்சம். யாருக்கும் உதவாமல் இன்றோடு போய்விடும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மழைக் குணம். மழை இல்லை.

அம்னாவுக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, பாயில் உட்கார வைத்தேன். வரைகிற கொப்பியும் கலர் பென்சிலும் கொடுத்தேன். போனைக் கதிரையில் சாய்த்து வைத்தேன். சபீனா எடுத்ததும், கதைக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று முதலில் நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

அரை மணித்தியாலம் அப்படியே. அம்னா போட் வரைந்தாள். சபீனா முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். இடையில், “அந்த போட்டுக்கு என்ன கலர் மகள்?” என்றாள். “நீலம்.” அந்த ஒரு சொல்லுக்கு அவளுடைய முகம் எப்படி மலர்ந்தது! நான் அடுப்படிக்குப் போய் நின்றேன், இருவரும் தனியே இருக்கட்டும் என்று.

அம்னா எழுந்து வந்தாள். என் சட்டையைப் பிடித்தாள். மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டாள்.

“உம்மா, இவங்க எப்ப போவாங்க?”

போனுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சபீனா சிரித்தாள்.

“இந்தா, இப்ப போறன் மகள்” என்றாள்.

போகவில்லை. நானும் வைக்கவில்லை.